மஞ்சள் கோடு

செவ்வாய், இரவு.

சாவந்துக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. வாய் வரவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் போல்ட்டை ரென்ச்சால் இறுக்கியதும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவோம். கோடு இருந்தால் இறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். சாவந்த் மட்டும் கோட்டை நம்பமாட்டான். நான் போட்ட கோட்டின் மேலேயே ரென்ச்சை வைத்துப் பார்ப்பான். அவனைவிட சீனியர் நான். ஒவ்வொரு தடவையும் எரிச்சலாக வரும்.

இன்று ஔந்திலிருந்து ஒரு அம்மாவின் கார் வந்தது. சாயங்காலம் பிள்ளைகளோடு மகாபலேஷ்வர் மலைக்குப் போகிறார்களாம். போல்ட்டைக் கையால் திருகிவிட்டு ரென்ச்சை எடுக்கப் போனேன். வீட்டிலிருந்து போன். பேசிவிட்டு வந்தவன் நேராகப் பெயிண்டை எடுத்துக் கோடு போட்டுவிட்டேன்.

சாவந்த் ரென்ச்சை வைத்தான். போல்ட் லொடலொடவென்று சுற்றியது.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. ரென்ச்சை என் கையில் கொடுத்து, “அண்ணா, ஏக் பார் தேக் லோ,” என்றான். ஒரு தடவை பார் என்றதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இறுக்கினேன். கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

வீட்டில், “என்னங்க, சாப்பாட்டுல கையே வைக்கல?” என்றாள் ஸ்டெல்லா. பசியில்லை என்றேன். சாவந்த் பார்க்காமல் போன வண்டிகள்... வேண்டாம், நினைக்க வேண்டாம்.

இந்நேரம் அந்தப் பிள்ளைகள் மலைமேல் தூங்கியிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சின்னவள் ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்தாள். சாவந்த் அப்போது அடுத்த வண்டிக்கு அடியில் இருந்தான்.