காலால் காட்டிய இடம்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, தலையை மட்டும் ஆட்டுகிறாயா?

போன வாரம் வகுப்பில் ஒரு கூத்து. எல்லோரையும் மதிக்கச் சொல்லும் படக்கதை ஒன்றை என் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அதை நடிக்கச் சொன்னேன். ஒரு வாண்டு என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான்தான் டீச்சர்" என்றாள். இன்னொருத்தி துடைக்கும் துணியோடு வந்தாள். "இங்க தண்ணி கொட்டிக் கெடக்கு பாரு, தொட" என்று வாண்டு காலை நீட்டி இடத்தைக் காட்டினாள்.

"அப்படியே நம்ம டீச்சர்" என்று எல்லாக் குழந்தைகளும் கைதட்டினார்கள். வாசலில் நின்ற துப்புரவு அக்காவும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. மறுநாள் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பழகிப்போச்சும்மா" என்றார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத் தரையைத் துடைத்துத்தான் உன் முழங்கால் தேய்ந்தது. அந்தச் சம்பளத்தில் படித்தவள் நான். உனக்கும் யாராவது அப்படிக் காலால் காட்டினார்களா அம்மா? இல்லை என்று எழுதினால் நம்பமாட்டேன். ஆனாலும் அப்படியே எழுது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்