நான் எழுதாத இரண்டாவது வாக்கியம்

சார்,

நீங்கள் கண்மூடிப் பத்து நாள்தான் ஆகிறது. காலையில் உங்கள் மகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய தாள், என்ன என்று தெரியவில்லை என்றாள். கராச்சர்மா போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து. இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போனதுகூடத் தெரியவில்லை.

என் வாக்குமூலத்தின் நகல் உங்களிடம் எப்படி வந்தது? எத்தனை வருஷமாக வைத்திருந்தீர்கள்?

அந்த வருஷம், காட்டுவேலைக்கு வந்த ராஞ்சிக்காரர் வீட்டுப் பெண்ணை உங்கள் வகுப்பில் சிலர் 'ஜங்லி', காட்டுமிராண்டி, என்று கூப்பிட்டு அழவைத்தார்கள். நீங்கள் திட்டவில்லை. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினீர்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. எத்தனை எழுத்து, எதிலிருந்து வந்த சொல் என்று பிள்ளைகளைக் கேட்டீர்கள். பலகையில் இருக்கும்வரை இதைப் பற்றிப் பேசலாம், ஒருத்தி முகத்தில் எறிந்தால் கல் என்று இந்தியில் சொல்லி அழித்தீர்கள்.

சார் 'ஜங்லி' என்றார் என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது. சார் அந்தப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டார் என்று புகார் வந்தது. விசாரித்த அதிகாரி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"போலா, யா நஹீ போலா?"

சொன்னாரா, இல்லையா. விளக்கத் தொடங்கினேன். பேனாவால் மேசையைத் தட்டினார். எனக்கும் மாற்றல் பயம். அந்தச் சொல்லை அவர் சொல்லக் கேட்டேன் என்று ஒரு வாக்கியம் எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் பொய்யே இல்லை. அடுத்த கப்பலில் உங்களைத் தெற்குக் கடைசித் தீவில் இருக்கும் காம்ப்பெல் பேக்கு அனுப்பினார்கள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் மின்னி பேயில் இருக்கும் என் வீட்டில் டீ குடித்தீர்கள். "அங்க மழை மட்டும்தான் டீச்சர் லீவு எடுக்காது" என்று சிரித்தீர்கள்.

மதியம் மகள் பேசினாள். அதற்குள் தாளை, மேலே எழுதியிருந்த புகாரோடு, படித்திருக்கிறாள். கையெழுத்து யாருடையது என்று மட்டும் புரியவில்லை.

"ஆன்ட்டி, அப்பா ஒரு பொண்ணப் போய் அப்படிச் சொன்னாரா?"

அதே கேள்வி.

"அந்த வார்த்தையச் சொன்னார்மா. அந்தப் பொண்ணச் சொல்லல. யாரையும் அப்படிக் கூப்பிடாதீங்கன்னு சொல்லத்தான் சொன்னார்."

பிறகு, அந்தக் கையெழுத்து என்னுடையது என்றேன்.

"கப்பல விட்டு எறங்கினா அப்பா மொதல்ல உங்க வீட்டுக்குத்தான ஆன்ட்டி வருவாரு" என்றாள்.

ஆமாம் சார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் தோளில் மாட்டிக்கொண்டே என் வாசலில் வந்து நிற்பீர்கள். அந்த முகம்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் எழுதியதைத் தெரிந்தே வந்து நின்ற முகம் அது என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது.