நாலு முட்டுக்கம்பை எடுத்தவன் நான்தான்

தண்டையார்பேட்டை
18.8.2002

அன்பு மகள் கார்குழலிக்கு, உங்க அம்மா போன பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்த மாமா துரைக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை கெங்கம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நாக்பூரில் நீயும் மாப்பிள்ளை அன்பரசனும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனைக் கும்பிடுகிறேன்.

போன வாரம் எஸ்டிடி பூத்திலிருந்து பேசும்போது, புதுத் தளம் பாறை மாதிரி உட்கார்ந்திருக்குது, ஹார்பர் கிரேனையே மேலே ஏத்தி நிறுத்தலாம் என்று சொன்னேன் இல்லையா, அது பொய் பாப்பா. நீ தலைப்பிரசவத்துக்கு வந்து தங்க வேண்டும் என்று சிமெண்ட் ஷீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுப் போட்ட கான்கிரீட் தளம் நட்டநடுவில் விரிசல் விட்டுப்போச்சு. மேஸ்திரி கோதண்டம் மேல் தப்பே இல்லை, அத்தனையும் என் மேல். பூத்துக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், உண்மை வாயில் வரவில்லை. அதனால்தான் இன்லேண்டு லெட்டர் பத்தாது என்று இரண்டு பக்கத் தாளில் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தளம் போட்ட அன்றைக்கு நூறு பேருக்கு பிரியாணி போட்டேன். நூறு இல்லை, மொத்தம் பதினாலு பேர், ஆனால் நல்ல பிரியாணி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பியைத் தட்டிப் பார்த்து எடுத்ததும் நான்தான் என்று ஊரெல்லாம் சொன்னேன், எடுத்தது கோதண்டம், நான் கூடப் போய் டீ குடித்தேன். தளத்து மேல் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்திவிட்டு, அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, இன்னும் இருபத்தியோரு நாளு, கீழ கீற முட்டுல ஒண்ணுத்துல கூட கை வெக்காதே, சாமி வந்து கேட்டாலும் வெக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் எனக்கா சொல்றே, முப்பது வருஷம் கப்பல்ல சரக்கு எறக்கினவன்டா என்று சொன்னேன்.

ஒன்பதாம் நாள் உன் மாமனார் சுப்புராயன் விழுப்புரத்திலிருந்து பாரிமுனைக்கு ஏதோ வேலையாக வருகிறேன், வீட்டையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியனுப்பினார். உன் கல்யாணத்தின்போது ஷீட்டு வீட்டில் பொண்ணு எடுத்தோம் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நெஞ்சில் முள்ளு. ஹால் பூராவும் சவுக்குக் கம்பு, காடு மாதிரி, மனுஷன் நுழைய வழியில்லை. சம்பந்தியைப் புதுத் தளத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும் என்று புத்தி கெட்டுப்போய், நடுவில் இருந்த நாலு கம்பை நானே தட்டி எடுத்தேன். அத்தை கத்தினாள், கேட்கவில்லை. அவரும் வந்தார், உட்கார்ந்தார், காத்து நல்லா வருதே என்றார். மறுநாளும் பாரிமுனையில் அவருக்கு வேலை இருந்ததால் பக்கத்து வீட்டு பஷீர் பாய் மாடியில் தங்கினார். சாயங்காலம் அண்ணாந்து பார்த்தால் தளத்தைத் தாங்குகிற பலகை நடுவில் தொங்கியது. பயந்துபோய் அந்த நாலு கம்பையும் மறுபடி நிறுத்தி, ஆப்பு வைத்து சுத்தியால் அடித்தேன். காலையில் மேலே பாத்தித் தண்ணி வற்றி, விரல் நகம் நுழைகிற விரிசல் தெரிந்தது.

சம்பந்தியும் பார்க்க வந்துவிட்டார், தெருவும் கூடிவிட்டது. அப்போது கோதண்டம் சைக்கிளில் வந்து இறங்கினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "டேய் பேமானி, சிமெண்ட்டைத் துன்ட்டியாடா, கொயந்த வந்து படுக்கற வூடுடா" என்று அத்தனை பேர் முன்னாடி சட்டையைப் பிடித்தேன். அவன் உள்ளே போனான். மற்ற கம்பின் அடியெல்லாம் சிமெண்ட் பால் வழிந்து தரையோடு காய்ந்திருந்தது, இந்த நாலு மட்டும் சுத்தமாக நின்றது. பார்த்தான். என்னையும் பார்த்தான். "சரிண்ணே" என்று ஒரே வார்த்தை, கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதோடு போகவில்லை. மீன் விற்கிற பூமாரி அவனிடம் வீட்டு வேலை கொடுப்பதாக இருந்தது, என் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டது. பத்து நாள் அவனும் அவன் ஆட்களும் சும்மா உட்கார்ந்தார்கள். அத்தை என்னிடம், "உன் வாய்க்கு முட்டு குடுக்க எந்தச் சவுக்கும் பத்தாதுய்யா" என்றாள், அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டாள். சோறு போடுவாள், பேச மாட்டாள்.

தாங்க முடியாமல் திருவொற்றியூருக்கு அவன் வீட்டுக்கே போனேன். அங்கேயே ஏன் சொல்லலை என்று கேட்டேன். "உங்க சம்பந்தி நின்னுகினு இருந்தாரு, பொண்ணு வாழற எடமாச்சேண்ணே" என்றான். என்னை செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது பாப்பா. மன்னிப்பு கேட்டேன். "என்கிட்ட இன்னாத்துக்கு? எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு" என்றான்.

முதலில் பூமாரியிடம் சொன்னேன். "அடப்பாவி மாமு, உன் பேச்சை நம்பி ஒருத்தன் பொயப்புல மண்ணைப் போட்டேனே" என்று மீன் கூடையை வைத்துவிட்டுத் திட்டியது, வாங்கிக்கொண்டேன். மறுநாளே அவனைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிட்டது. கோதண்டம் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினான், ஒட்டுப்போட்டால் நிற்காது, இடித்துத்தான் போட வேண்டும் என்றார். நாலு நாளாக இடிக்கிறார்கள். வாசலில் நான் நிற்கிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், இன்னா மாமு, புதுத் தளத்தை இடிக்கிறே என்று கேட்கிறார்கள். நான்தான் முட்டுக்கம்பை எடுத்தேன், மேஸ்திரி மேல் பழி போட்டேன் என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்கிறேன். வாசலில் கேட்ட முதல் ஆள் பஷீர் பாய், இரண்டு தடவை வேறு கதை பேசிவிட்டுத்தான் சொன்னேன். இப்போதும் சுலபமாக இல்லை.

நீ ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதே. வீட்டுக்குள் படுக்கலாம் என்று கோதண்டம் சொல்லட்டும், நான் சொன்னால் எடுக்காதே. தண்ணிக் குடம் தூக்காதே, மாத்திரையை விடாதே. நீயும் குழந்தையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். வருகிற ஞாயிறு விழுப்புரம் போய் உன் மாமனாரிடம் இதையெல்லாம் நேரில் சொல்லப்போகிறேன். திங்கட்கிழமை நீ அவருக்கு போன் போட்டு, சொன்னேனா என்று கேட்டுக்கொள். என்னைக் கேட்காதே கண்ணு, அவரைக் கேள்.

தலைகுனிந்து,
உன் மாமா
ப. துரைக்கண்ணு