ஒன்பது முகம் உயரம்

ஜூலை 8, 2025, செவ்வாய்

காலை ஆறரைக்கு வில்லியம் அண்ணன் போன். பால் அடுப்பில் இருந்தது.

"பியா, தரமணிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தோம். மாதாவுக்குத் தலை பெரிசா இருக்கு."

எவ்வளவு பெரிது என்று கேட்டேன். "பெரிசுன்னா பெரிசுதான்" என்றார். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் தரும் தகவல் இது. பால் பொங்கிவிட்டது.

பிறகு படித்தால் எனக்கே புரியும்படி எழுதி வைக்கிறேன். எங்கள் பங்குக் கோயிலுக்கு வெளியே புதிதாக ஒரு கெபி, குகை மாதிரிச் சிறு மாடம், கட்டுகிறார்கள். அதில் வைக்க ஐந்தடிக் கருங்கல் மாதா. செய்திருப்பவர் இசக்கியம்மாள், மாமல்லபுரத்தில் சிற்பம் படித்தவர், தரமணியில் கொட்டகை போட்டிருக்கிறார். எட்டு மாத வேலை. செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழா. ஆகஸ்ட் மூன்றாம் தேதி பங்குப் பேரவை கூடி, சிலையை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கும். அண்ணன் பேரவைச் செயலாளர். திருப்பினால் ரெடிமேடாக ஃபைபர் சிலை கிடைக்கிறதாம்.

மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சிலையின் ஒரே படம் பதினோரு முறை வந்தது. எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்தின் தலைவி சான்ட்ராவின் குரல் பதிவு தனி. "நம்ம மாதா எவ்ளோ ஒசரமா, ஒல்லியா இருப்பாங்க! இது இன்னாது, ஆப்பக்கடை அம்மா மாரி கீது."

மாதாவை நேரில் எப்போது பார்த்தாளாம்?

ஜூலை 10, வியாழன்

தி. நகர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ராகேஷின் அலுவலகம். நகைக்கடைகளுக்கு லோகோ போடுபவன். கெபியின் வடிவமைப்பு அவனுடையது, சிலை நிற்கப்போகும் ஏழடிப் பீடம் உட்பட. அவன் அப்பா அண்ணனின் நண்பர், அந்த வழியில் வந்த வேலை. தலை பெரிசு என்று முதலில் சொன்னவனும் இவன்தான்.

கணினியில் சிலையின் படத்தைத் திறந்து, அதன் மேல் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருளை வைத்தான்.

"இது கோல்டன் ரேஷியோ ஆண்ட்டி. ஒண்ணு புள்ளி ஆறு ஒண்ணு எட்டு. சூரியகாந்தி, சங்கு, மனுஷ முகம், எல்லாமே இதான். ஏ.டி.எம். கார்டுகூட இதான். உங்க சிலை ஃபெயில்."

சுருளை எங்கிருந்து தொடங்குகிறாய் என்றேன். கண்ணிலிருந்து. பிறகு ஒரு கம்பெனி லோகோவில் வைத்துக் காட்டினான், அங்கே மூலையிலிருந்து. ஏன் இடம் மாறுகிறது?

"எங்க ஃபிட் ஆவுதோ அங்கேர்ந்து ஆண்ட்டி."

உடம்பின் உயரத்தைத் தொப்புள் அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டுமாம். கழுத்திலிருந்து பாதம் வரை மேலங்கி போர்த்திய சிலையில் எதை வைத்து அளந்தாய்? "ஒரு அசம்ப்ஷன்தான்."

படத்தை எடுத்தது யார்? அவனே. எப்படி? கொட்டகையில் இடம் இல்லாததால் ஸ்டூல் மேல் ஏறி, மேலிருந்து. கேமராவுக்கு எது கிட்டத்தில் இருந்ததோ அது பெரிதாகத்தான் விழும். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் கிளம்பும்போது அவன் சொன்ன ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். "கஸ்டமர்கிட்ட 'எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க ஆண்ட்டி. ஒரு நம்பர் சொன்னா வாய மூடிக்குவாங்க."

ஜூலை 11, வெள்ளி

ஏ.டி.எம். கார்டை அளந்தேன்: 8.56 செ.மீ., 5.4 செ.மீ. வகுத்தால் 1.585.

ஜூலை 14, திங்கள்

தரமணி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விட்டேன். ஐ.டி. கம்பெனிப் பேருந்துகள் திரும்பும் சந்தில் தகரக் கொட்டகை. இசக்கியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் பட்டறையில், மற்றவர்கள் பெயரில் செதுக்கியவர். தன் பெயரில் எடுத்த முதல் வேலை இது.

சிலையைச் சுற்றி வந்தேன். தரையில் நின்று பார்த்தால் தலை பெரிதாக இல்லை. ஃபைபர் மாதாக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடம்பு குட்டையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நல்ல முகம். களைத்த முகம்.

அளவுகளை எழுதித் தரக் கேட்டேன். சிரித்தார். கடைகளில் பில் போடும் காகிதச் சுருள் ஒன்றை எடுத்து, சிலையின் உயரத்துக்கு நீட்டிக் கிழித்தார். மூன்றாக மடித்தார். அதை மறுபடி மூன்றாக மடித்தார். கையளவுக்கு வந்ததைச் சிலையின் முகத்தில் வைத்தார். நெற்றி மேட்டிலிருந்து முகவாய் வரை, மயிரிழை பிசகாமல் நின்றது.

"முகந்தாம்மா அளவு. முகத்தப் போல ஒம்பது பங்கு ஒசரம். எல்லாம் அதுலருந்துதான் வரும். கை, தோளு, இடுப்பு எல்லாம்."

ஏன் ஒன்பது?

"சாமிப் பொம்பளைக்குப் பத்து. நம்மள மாதிரி மனுஷங்களுக்கு எட்டு. அதுக்கு நடுவுல ரிஷி, அடியாரு, அவங்களுக்கு ஒம்பது. எனக்குச் சொல்லிக் குடுத்தது அப்படி. அதான் ஆரம்பத்துலயே உங்க ஃபாதர்ட்ட கேட்டேம்லா, இவங்க சாமியா மனுஷியான்னு. மனுஷிதாம்மா, சாமி கிடையாது, தெளிவா வச்சுக்கன்னாரு."

அப்படியானால் எட்டுதானே?

"மனசு வரலியே. அவங்க சொன்னதுக்கு ஒண்ணு கூட்டிப் போட்டேன்."

கணக்குப் போட்டேன். அறுபது அங்குலச் சிலை. பத்தாகப் பிரித்தால் முகம் ஆறு அங்குலம். ஒன்பதாகப் பிரித்தால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. முக்கால் அங்குலம்கூட இல்லாத வித்தியாசத்துக்குத்தான் இந்தப் பதினோரு படங்களும்.

திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மாதாவச் செதுக்கி முருகனாக்க முடியுமாம்மா? இங்கனயே நிப்பாங்க. வாரவன்லாம் கேப்பான், ஏன் திருப்பிட்டாங்கன்னு. பொறவு எந்தக் கோயில்காரன் என்னத் தேடி வருவான்?"

ஜூலை 15, செவ்வாய்

ஃபாதர் ஃபிரெட்ரிக்கைப் பார்த்தேன். ஆமாம், கேட்டார்கள், சொன்னேன் என்கிறார். "திருச்சபை போதிக்கிறதைச் சொன்னேன் பியாட்ரிஸ். அது தலையோட சைஸை மாத்தும்னு யாருக்குத் தெரியும்?"

பேரவையில் இதைச் சொல்லுங்கள் என்றேன். "நேரம் வரட்டும்" என்றார். நேரம் எப்போது வரும் என்பதற்கு அவரிடமும் அளவு இல்லை.

ஜூலை 17, வியாழன்

அண்ணன் வீட்டுக்கு வந்தார். ராகேஷின் சுருள், தொப்புள், ஸ்டூல் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அந்த விகிதம் புனிதமும் இல்லை, எல்லா இடத்திலும் இருப்பதும் இல்லை. விரும்பியவர்கள் பயன்படுத்தினார்கள், அதைவிட அதிகமானவர்கள் இல்லாத இடத்தில் கண்டுபிடித்தார்கள் என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நீயே எழுதினதுதானே?"

2009, கோயிலின் நூற்றாண்டு விழாவுக்கு முந்தைய ஞாயிறு. நான் எழுதும் பத்திரிகையின் இணைப்பு. 'எங்கள் கோயிலின் பொன் விகிதம்.' என் பெயர். கோயில் முகப்பின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் மிகச் சரியாக 1.618 என்று எழுதியிருக்கிறேன். 'மிகச் சரியாக'!

அளந்தேனா? அளந்திருப்பேனே. நான் அளக்காமல் எழுதுவேனா?

ஜூலை 18, வெள்ளி

பழைய குறிப்பேடு கிடைத்தது. அளக்கவில்லை. பொறியாளர் ஒருவர் விழாக் கூட்டத்தில் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன். சே.

ஜூலை 20, ஞாயிறு

ராகேஷ் போன் செய்தான். அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"ஆண்ட்டி, அந்தக் கட்டுரைய எங்க ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. நான் நைன்த். அதப் படிச்சுட்டு ஸ்கேலும் கையுமா திரிஞ்சேன். அதுனாலதான் டிசைனுக்கே வந்தேன். இப்ப நீங்களே இல்லைங்கறீங்க."

ஒரு பையனைப் பிழையான எண்ணைக் கொடுத்துச் சரியான தொழிலுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த எண்ணை வைத்து அவன் இப்போது ஒரு பெண்ணின் எட்டு மாத வேலையை அடிக்கிறான். கோபம் அவன் மேல் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

காலை ஆறு மணி. முதல் பூசைக்கு முன் கோயில் வாசலில் நானும் இசக்கியம்மாளும். அவரிடம் லேசர் அளவுக் கருவி இருக்கிறது. சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தால் தூரம் காட்டுகிறது.

முகப்பின் அகலம் 36 அடி. தளத்திலிருந்து சிலுவை நுனி வரை 48 அடி. விகிதம் 1.33. கட்டிய கொத்தனார் மூன்றுக்கு நான்கு என்று வைத்திருக்கிறார்.

பொறியாளருக்கு எப்படிக் கிடைத்தது அந்த எண்? அதற்கும் வழி கண்டுபிடித்தோம். வாசல் படிகள் நான்கடி, அதை உயரத்தில் சேர்க்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டடித் தூண்களை அகலத்திலிருந்து கழிக்க வேண்டும். 52-க்கு 32. அப்போது 1.625. கிட்டத்தட்ட. அந்தக் 'கிட்டத்தட்ட'வை நான் 'மிகச் சரியாக' என்று எழுதினேன்.

"படியச் சேப்பாங்க, தூண விட்டுருவாங்களா?" என்று இசக்கியம்மாள் கேட்டார். "நல்ல கதையா இருக்கே."

பூசைக்கு வந்த ஒருவர், கோயிலை விற்கப் போகிறார்களா என்று விசாரித்தார்.

ஜூலை 29, செவ்வாய்

அண்ணன் பேசுவதில்லை. அண்ணி மூலம் செய்தி: 'கூட்டத்தில் குடும்ப மானத்தை வாங்காதே.' கட்டுரை எழுதியது நான். மானம் எப்படிக் குடும்பத்தினுடையது ஆனது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பத்தே காலுக்குப் பேரவை. பதினைந்து உறுப்பினர்கள். எனக்கும் இசக்கியம்மாளுக்கும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.

ராகேஷ் திரையில் சுருளைக் காட்டினான். பிறகு நான் அனுமதி கேட்டு எழுந்தேன். 2009-இல் எழுதியது தவறு, அளக்காமல் எழுதினேன், இப்போது அளந்தேன் என்று சொல்லி எண்களைப் படித்தேன். மூன்று நிமிடம். அண்ணன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நம்ம கோயில் அழகா இல்லையா ஆண்ட்டி?" என்றான் ராகேஷ். கிண்டல் இல்லை, உண்மையாகத்தான் கேட்டான். அழகாகத்தான் இருக்கிறது, நீ ஒன்பதாம் வகுப்பில் பார்த்ததும் அழகுதான், எண் மட்டும்தான் பொய் என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

நானும் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஒன்றையும் விடாமல் சொல்லும் புத்தி. எட்டு, ஒன்பது, பத்து விவரத்தையும் சொன்னேன்.

சான்ட்ரா எழுந்தாள். "இன்னாது? அம்மனுக்குப் பத்து, நம்ம மாதாவுக்கு ஒம்பதா? ஒரு மார்க்கு கொறச்சுட்டாங்களா?"

"ரீவேல்யூவேஷன் போடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. பிறகு ஒரே கூச்சல். தலை பெரிசு என்று வந்தவர்கள் எல்லாரும் இப்போது பதவியைக் குறைத்துவிட்டார்கள் என்று கத்தினார்கள். இரண்டும் ஒரே முக்கால் அங்குலம் என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. நான்தான் கெடுத்தேன். இசக்கியம்மாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னா பொம்பள நானு, வாய வெச்சுக்கினு சும்மா இருக்கக் கூடாதா?

ஃபாதர் ஒருவழியாக எழுந்தார். "அந்தம்மா எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் மனுஷின்னு சொன்னேன். அது சரி. மாதா தெய்வம் இல்ல. முப்பது வருஷமா பிரசங்கத்துல சொல்றேன், இன்னைக்குத்தான் உங்க காதுல விழுது."

"மனுஷின்னா அப்பறம் ஏழடிப் பீடம் எதுக்கு ஃபாதர்?" என்றாள் சான்ட்ரா. மடக்குவதற்காகக் கேட்டதுதான்.

இசக்கியம்மாள் எழுந்து நின்றார். அனுமதி கேட்கவில்லை. "அதத்தாம்மா நானும் சொல்லுதேன். ஏழடி மேல வச்சுக் கீழருந்து பாத்தா எந்த அளவும் நிக்காது. அவங்கள நம்ம ஒசரத்துல நிக்க வைங்க. பாத்துட்டுப் பிடிக்கலன்னா திருவிழா முடிஞ்ச மறுநாள் நானே வண்டி கொண்டாந்து ஏத்திக்கிடுதேன்."

ராகேஷ் தன் வரைபடத்தைப் பார்த்தான். "பீடத்த எடுத்துடலாம்" என்றான். அவன் வரைந்த பீடம்.

வாக்கெடுப்பு. ஏற்க எட்டு, மறுக்க ஏழு. சான்ட்ரா மறுத்தாள். அண்ணன் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

2009 கட்டுரைக்கு நான் எழுதிக் கொடுத்த திருத்தம் பத்திரிகையில் வெளிவந்தது. ஏழாம் பக்கம், ஐந்து வரி. ஆசிரியர் பிரிவில் இருக்கும் மெஹக் கேட்டாள்: "பதினாறு வருஷம் ஆச்சு மேடம். யாருமே கேக்கலையே, எதுக்கு?"

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை கொடியேற்றம். இன்று சிலை வந்தது. பீடம் ஒன்பது அங்குலம். கிரேன்காரர் சங்கிலியை அவிழ்த்துவிட்டு நின்று பார்த்தார். "இன்னாமா, இவ்ளோ கீழ வெக்கிறீங்க? மாலைய யாரு வேணா போட்டுட்டுப் போய்டுவான்."

அண்ணன் தூரத்தில் நின்றார். ரோஜா மாலை அவர் கையில் இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருவிழா முடிந்த மறுநாள். வண்டி எதுவும் வரவில்லை. ஊர்ப் பேச்செல்லாம் சர்க்கரைப் பொங்கல் பற்றாமல் போனது பற்றியதுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாலை நடையில் கோயில் பக்கம் திரும்பினேன். கெபிக்கு முன்னால் வழவழப்பான தாளில் 'சிலையைத் தொடாதீர்கள்' என்று அண்ணன் ஒட்டியிருக்கிறார். கருங்கல் மாதாவின் வலக்கை, தொட்டவர்களின் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருக்கிறது.

சான்ட்ரா செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்தின் விளிம்பில் ஏறி நின்றிருந்தாள். ஒரு கை சிலையின் தோளில். முக்காட்டின் ஓரமாக வாயை வைத்து, மெதுவாக, நிறுத்தாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். இன்னும் ஓர் அடி போனால் கேட்டிருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.