முவாங் சிங்கில் எனக்குக் காட்டிய இடம்

சுங்கை பட்டாணி,
6 செப்டம்பர் 1987.

அன்புள்ள ஆர்தருக்கு,

இன்று எனக்கு எழுபத்து நான்கு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. புத்தி தெளிவாக இருக்கிறது என்பதை இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மறக்காதே. நீயும் மருமகளும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, சயாம் போய்வந்ததிலிருந்து இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. மழை பிடித்துவிட்டது, சமையற்கட்டின் தகரம் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டுப் பிரேமாவதி தன் மகனை ஏற்றி அடைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவனோ புக்கிட் செலம்பாவ் சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டான், ஆகவே வாளிதான் துணை. லீட்ஸிலிருந்து நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. கெடாவின் வெயிலில் அதை எந்த மாதத்தில் அணிவது என்று நீதான் எழுதவேண்டும்.

நீ ஏற்பாடு செய்த பயணத்தைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே என்று கேட்டு எழுதியிருந்தாய். எழுதாததற்குக் காரணம் இருந்தது. நம் சபையார் பன்னிரண்டு பேர், போதகர் ஐயா, அவர் மனைவி அகத்தா, உன் ஞானத்தகப்பன் சில்வெஸ்டர், நான். எல்லை தாண்டி ஹட்யாயில் ரயிலேறினோம். அகத்தா மூன்று நாளைக்கான நெத்திலிச் சம்பலைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள், சயாம்காரன் சோத்துல என்னத்தைக் கலக்குறான்னு யாருக்கு லா தெரியும் என்று தன் வழக்கமான ‘லா’வோடு சொல்லிச் சொல்லியே பாங்காக் வரை அந்தப் பெட்டி முழுவதையும் மணக்கவைத்தாள். காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார்கள். புல்லைக் கத்தரித்து, ஒவ்வொரு கல்லிலும் பெயரும் வயதும் பொறித்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து ரயில்பாதை போடப் போனவர்களில் ஒருவன் பெயரும் அங்கே இல்லை. அகத்தா தேடிப் பார்த்துவிட்டு, நம்ம ஆளுங்களுக்கு ஏது லா கல்லு என்றாள். அவள் அறிவோடு பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

புறப்படுமுன் உனக்குத் தெளிவாக எழுதியிருந்தேன்: எனக்குக் கல்லறை எதையும் காட்டவேண்டாம், கெமர் மன்னர் காலத்துக் கோயிலைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அதை நீ விதவையின் வீம்பு என்று எடுத்துக்கொண்டாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஜப்பான்காரன் சுங்கை லாலாங் தோட்டத்து ஆட்களைச் சயாமில் ரயில்பாதை போட ஏற்றிச் சென்றதும், உன் தந்தை அவர்களோடு கணக்கெழுதும் கிராணியாகப் போனதும், போர் முடிந்தபின் அவருடைய உதவியாளாக இருந்த சில்வெஸ்டர் திரும்பிவந்து, காலராவில் போய்விட்டார், ஆற்றங்கரையில் என் இரண்டு கையாலும் புதைத்தேன் என்று என் முன் நின்று சொன்னதும் நீ கேட்டு வளர்ந்த கதை. நாற்பத்தோர் ஆண்டுகளாக அந்த ஆற்றங்கரைக்குப் பெயர் கிடையாது. சென்ற ஆண்டு நீ வந்துவிட்டுப் போனபின் திடீரென்று அதற்குப் பெயர் முளைத்தது. முவாங் சிங், சிங்க நகரம். சில்வெஸ்டர் மாமாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததாம் என்று நீ எழுதினாய்.

கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதன்மேல் எனக்குக் குறையேதும் இல்லை. ஆற்றை ஒட்டிய மதில் சூழ்ந்த பழைய ஊர், நடுவில் கிழக்கு நோக்கிய கருவறை, எல்லாம் செம்புரைக்கல். அந்தக் கல்லில் நுண்ணிய சிற்பம் நிற்காது, ஆகவே சாந்து பூசி அதில் வேலை செய்திருக்கிறார்கள். சாந்தெல்லாம் உதிர்ந்து இன்று நிற்பது வெறும் எலும்பு. சென்னையில் வரலாறு படித்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, ஒப்பனை போன பிறகும் நிமிர்ந்து நிற்கிற கட்டடத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று. கருவறையில் எட்டுக் கைகளோடு ஒரு போதிசத்துவர். அது படிதான், அசல் பாங்காக்கில் இருக்கிறதாம்.

பிறகு சில்வெஸ்டர் எங்களைத் தென்மதிலோரம் ஒரு மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். நீ சொல்லிவைத்தபடி காஞ்சனாபுரியில் வாங்கிய மலர்வளையம் என் கையில். ஞானப்பாட்டு ஒன்று பாடி முடித்தார்கள், போதகர் வேதத்தைத் திறந்தார். எங்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டிய சயாம்காரப் பெண் ஆங்கிலம் அறிந்தவள். என்ன செய்கிறீர்கள் என்று பணிவோடு கேட்டாள். சொன்னோம். அவள் தயங்கித் தயங்கி, மதிலுக்குள் பல ஆண்டுகள் தோண்டி மண்ணைச் சல்லடையில் சலித்திருக்கிறார்கள், ஆற்றோரம் கிடைத்த எலும்புகளைத் தவிர வேறு எவருடையதும் அகப்படவில்லை, அவையும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்றாள். போதகர் வேதத்தை மூடினார். இந்தப் பொண்ணுக்கு என்ன லா தெரியும், அண்ணன் அங்கயே இருந்த மனுசன் என்றாள் அகத்தா. அவள் அண்ணன் என்ற சில்வெஸ்டர் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் இளநீர் குடிக்கப் போனார்கள். நான் அவரை ஆற்றோரத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். குழிக்குள் அந்தப் பழங்கால மனிதர்கள் தலைமாட்டில் பானையோடு கிடக்கிறார்கள், வெயில் படாமல் கூரை போட்டிருக்கிறார்கள். இதற்குமுன் இந்த இடத்துக்கு வந்ததுண்டா என்று கேட்டேன். “இல்லக்கா. இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார். பிறகு தாமாகவே சொன்னார். எங்கோ மேலே இருந்த முகாமாம், காலராக்காரர்களை ஒரு குடிசையில் போட்டிருந்தார்களாம், உன் தந்தை தண்ணீர் கேட்டுக் கூப்பிட்ட குரலைக் காதில் வாங்கிக்கொண்டே இவர் காட்டுக்குள் ஓடிவிட்டாராம். புதைக்கவில்லை. உசுரோட விட்டுட்டு வந்தேன் என்று அழுதார். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவர் புதைக்கவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல. அடுத்துச் சொன்னதுதான் புதிது.

“ஆர்தர் தம்பிக்குப் போன வருசமே சொல்லிட்டேன்க்கா. அவன்தான், அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவங்களுக்கு அழ ஒரு இடம் வேணும்னான். ரயில விட்டு எறங்கி ரொம்ப நடக்காத இடமா, நெழலா, சுத்தமா இருக்கணும்னு அவனேதான் இந்த ஊரப் புஸ்தகத்துல பாத்து எழுதுனான்.”

சில்வெஸ்டர் பொய் சொன்னபோது அவருக்கு இருபத்தைந்து வயது. உடம்பில் எலும்பும் பயமும்தான் மிச்சம். அந்தப் பொய்யை என்னால் எடைபோட முடிகிறது. லீட்ஸில் வயிறார உண்டுவிட்டு, சுற்றுலாப் புத்தகத்தைப் புரட்டி, தங்குவதற்கு விடுதி பார்ப்பதுபோல் தந்தைக்குக் கல்லறை பார்த்த உன்னை எந்தத் தராசில் வைப்பது? நான் உன்னிடம் நிழல் கேட்டேனா? ஒன்றுமறியாத மனிதர்களை மரத்தடியில் பாடவைத்தாய், ஒரு போதகரை வெறும் மண்ணுக்கு வேதம் வாசிக்க நிறுத்தினாய், என் கையில் பூவைக் கொடுத்து நான் அழுவேன் என்று அங்கிருந்தே தீர்மானித்தாய். உனக்கு எழுத்தறிவித்தவள் நான். உண்மையை உனக்கு எழுதலாம், எனக்கு எழுதக்கூடாது என்று யார் உனக்குச் சொன்னார்கள்? கோபம் என்று நினைக்காதே. கோபம் ஹட்யாய் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது, என் ஒரே பிள்ளையின் கடிதத்தை இனி இரண்டு முறை படித்துத்தான் நம்பவேண்டும் என்கிற நிலை.

மலர்வளையத்தை எட்டுக் கைக்காரரின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். போதகருக்கு அது பிடிக்கவில்லை. சில்வெஸ்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் இன்றும் அந்த மரத்தடியைப் பற்றி உருகிப் பேசுகிறார்கள்.

குளிர் தொடங்குமுன் சின்னவனின் இருமலுக்கு நல்ல மருத்துவரைப் பார். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தையாவது சொல்லிக்கொடு. எனக்கு இனிப் பயணம் எதுவும் ஏற்பாடு செய்யாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டாருக்குச் சமாதானம் தருவாராக.

கடைசியாக, நீ அறியாத ஒன்று. இதைச் சில்வெஸ்டரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். பிறர் எதைத் தாங்குவார் என்று தீர்மானிப்பது உனக்குக் கைவந்த வேலை. புக்கிட் செலம்பாவில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த பழனியாண்டி சயாமிலிருந்து கடைசியாகத் திரும்பியவர்களில் ஒருவன். என்னிடம் மட்டும் சொன்னான்; அவன் இறக்கும்வரை இதை வேறு எவரிடமும் சொல்லாதிருந்தது என் பொருட்டு. 1946-இல் பான்போங் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சயாம்காரியின் கடையில், இடுப்பில் குழந்தையோடு நின்ற உன் தந்தையை அவன் கண்டான். ஊருக்கு ரயில் நிற்கிறது, ஏறுங்கள் ஐயா என்று கையைப் பிடித்து இழுத்தானாம். உன் தந்தை கையை விடுவித்துக்கொண்டு, “செத்துட்டேன்னு சொல்லிடு” என்றாராம்.

இப்படிக்கு,
உன் தாய்,
கேதரின் ஹெர்பர்ட்.