நான் மழுக்கிய கத்தி

என் ராமலட்சுமிக்கு,

கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும். முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்து நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். அதையும் நீதான் பிழை பார்த்துக் கொடுப்பாய். இதைத் திருத்த ஆளில்லை, பொறுத்துக்கொள்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் அக்கா வந்திருந்தார். நீ போய்ப் பத்து மாதமாகிறதே, ஒற்றை ஆளாய் நான் என்னத்தைத் தின்கிறேன் என்று பார்க்க வந்தாராம். செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போய் ரசத்துக்குத் தக்காளி நறுக்க ஆரம்பித்தார். பழம் நசுங்கிச் சாறு வழிந்ததே தவிர, தோல் அறுபடவில்லை.

"என்ன தம்பி, கத்தி இப்படிக் கெடக்கு? வெண்ணெயக்கூட வெட்டாது போலயே. நீங்க மில்லுல இருந்த ஆளுதான?" என்று கேட்டார். கையில் தந்தால் சண்டை வரும் என்று கத்தியை மேடையில் வைத்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

"அவ போன பொறவு தீட்டல மதினி" என்றேன்.

அது பொய். நீ இருக்கும்போதே அந்தக் கத்தி அப்படித்தான் இருந்தது. அதை மழுக்கியவன் நான்.

இதயத்தில் வால்வு மாற்றி மதுரையிலிருந்து உன்னைக் கூட்டி வந்தபோது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள் அல்லவா? சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். மறுநாள் நீ குளிக்கப் போன நேரத்தில் அரிவாள்மனையைப் பரணில் ஏற்றினேன். கத்தியைப் பின்வாசல் சிமெண்டுப் படியில் வைத்து, கூர் செத்துப் போகிற வரைக்கும் இழுத்தேன். இரும்பு அறுக்கிற ஹேக்ஸா பிளேடு உடைந்ததில் நானே செய்த கத்தி. பேப்பரை அந்தரத்தில் பிடித்து அறுத்துக் காட்டி உன்னிடம் பீற்றிக்கொண்ட கத்தி.

அதோடு விட்டேனா? பதினைந்து நாளுக்கொரு தடவை தீட்டுகிறவன் திடீரென்று நிறுத்தினால் நீ கேட்பாயே. அதனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கல்லை நனைத்து, கத்தியின் முதுகைத் தேய்த்தேன். சத்தம் மட்டும் உனக்குக் கேட்டால் போதும் என்று.

நீ நம்பினாய். கத்தி தீட்டியிருக்கிறது, அப்படியானால் கோளாறு உன் கையில்தான் என்று நம்பினாய். "என்னங்க, கையில பெலமே இல்ல. ஒரு கத்திரிக்கா அறுக்க ஏலல" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். ஆபரேஷன் ஆன உடம்பு, மெல்லத்தான் சரியாகும் என்று நானும் தலையை ஆட்டினேன்.

மில்லில் புதிதாக வந்தவர்களிடம் நான் முதலில் சொல்லி வந்ததே, மழுங்கினதுதான் கையை வெட்டும் என்பதுதான். கூராக இருந்தால் அது பாட்டுக்குப் போகும். மழுங்கினால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். ஊருக்கெல்லாம் சொன்னவனுக்குத் தன் வீட்டில் அது ஞாபகம் வரவில்லை பார்.

அன்று மாங்காய் நறுக்க அழுத்தினாய். வழுக்கிக்கொண்டு வந்து உன் கட்டைவிரலில் இறங்கியது. துணியை வைத்து நான் இறுக்கிப் பிடிக்க, அரை மணி நேரத்துக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தோம். பயத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினேன்: "ஏலாத கைய வச்சுக்கிட்டு எதுக்குட்டி அடுப்படிக்கு வார?"

அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் வேறெதுவும் கேட்க மாட்டேன்.

அதன் பிறகு நீ கத்தியைத் தொடவில்லை. மெஸ்ஸிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வாங்கி வந்தேன். இனி காயம் படாது என்று எனக்கு நிம்மதிகூட. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசத்தை வைத்து இன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லுவாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது காயமில்லை, மூச்சுத்திணறல். அப்படியானால் நான் எதைத் தடுத்தேன், ராமலட்சுமி?

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன் அக்கா ஒன்று சொன்னார். "எம் பேத்தி சடங்குக்கு எல்லாரும் உக்காந்து காய் நறுக்குதோம், இவ மட்டும் தள்ளிப் போயி உக்காந்துக்கிட்டா. என்னட்டின்னு கேட்டா, 'என் கை செத்துப் போச்சுக்கா, அவியளுக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போட ஏலல'ன்னு அழுதா தம்பி."

நீ அழுதது எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் அழவில்லை? அதற்குள் பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

இன்று காலையில் கல்லை வாளித் தண்ணீரில் போட்டேன். குமிழி அடங்கியதும் சொரசொரப்புப் பக்கத்தில் வைத்து, ஒரே சாய்வில், நிஜமாகவே தீட்டினேன். அந்தச் சிமெண்டுப் படி தின்ற கூரை மீட்க முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு மழுமழுப்புப் பக்கம். விரலால் தடவிப் பிசிறு போய்விட்டதா என்று பார்த்து, துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

தக்காளி மேல் வைத்தேன். அழுத்தவே இல்லை, இறங்கிவிட்டது. இன்னொன்று நறுக்கினேன், பிறகு இன்னொன்று. நாலு பழம் நறுக்கிய பிறகுதான், ஒருத்தனுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றியது. இங்கே வந்து பார் என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாளைக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். இதில் எழுதிய அத்தனையையும் உன் அக்காவிடம் வாயால் சொல்லுவேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன், இனி என் முகத்தில் முழிக்காதே என்றால் திரும்பி வருவேன். கை போய்விட்டது என்று அழுதவளாக அவர் மனசில் நீ இருக்கக் கூடாது. இது சத்தியம்.

உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ராமலட்சுமி. கடைசி வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

இதை உன்னிடம் சொல்லப் பயந்த,
உன் வீட்டுக்காரன்
சுப்பையா