உன் பெயரில் கிடந்த பிழை

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தபோது கராம்பு வாசம் முகத்தில் அடித்தது. உன் நீலப்பூத் தலையணை உறை. பூச்சி வராது என்று உள்ளே இரண்டு கராம்பு போட்டு மடித்து வைப்பது உன் பழக்கம். நாலு வருடமாக அது என்னிடமே கிடக்கிறது. நான் தோய்க்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்தேன். கரடியனாற்றுக்குப் போகவேண்டிய நாள் இன்று.

சனிக்கிழமை நம் கட்டற்ற மென்பொருள் நாள் வருகிறது. நாலு வருடத்துக்குப் பிறகு, நீ இல்லாமல். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளைச் சனத்துக்குக் காட்டுவதுதான் அன்றைய வேலை. காட்டுவதற்குக் கணினி வேண்டுமே. நம்மிடம் இருந்தது ஆசை மட்டும்தான். மற்றதெல்லாம் ஊரில் வாங்கிய இரவல். "மென்பொருள் இலவசம், மற்றதெல்லாம் இரவல்" என்று நீ சொல்லிச் சிரிப்பாய்.

கேட்பதற்கென்றே பிறந்தவள் நீ. பயப்படுவதற்கென்றே பிறந்தவள் நான். ஒரு வீட்டு வாசலில் கால் வைத்தால் நீ முதலில் சுகம் விசாரிப்பாய், தேத்தண்ணி குடிப்பாய், ஆட்டுக்குட்டி எத்தனை என்று கேட்பாய். எழும்பப் போகும்போதுதான் மடிகணினிப் பேச்சை எடுப்பாய். அவர்கள் தந்த பிறகும் விடமாட்டாய். அந்த வீட்டுத் தலையணை உறை ஒன்றையும் கேட்டு வாங்கி, மடிகணினியை அதற்குள் போட்டுத்தான் கொண்டு வருவாய். "பேர் எழுதின கடதாசி கழண்டு விழுந்திரும். தன்ட வீட்டுத் தலவாணி உறைய எந்தப் பொம்புளயும் மறக்கமாட்டா" என்பாய். எல்லா மடிகணினியும் கறுப்பாகத்தான் இருக்கும். உறைகள் அப்படியில்லை. ஒன்பது வீட்டு மடிகணினிகள் ஒன்பது விதமான பூப்போட்டு நம்மிடம் வந்தன.

அவற்றில் ஐந்தை ஓட்டோவில் என் மடியில் அடுக்கிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அவற்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். நீ திரும்பிப் பார்த்து, "மடியில கனம் இரிந்தாத்தானே வழியில பயம். உனக்கு அஞ்சு கனம் இரிக்கு, நல்லாப் பயப்படுகா" என்றாய். ஓட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஐந்தில் ஒன்று ஜீவிதாவுடையது. கரடியனாற்றில் வயல் செய்யும் தம்பிராசா அண்ணனின் மகள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தந்தவள் வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்: "உள்ளுக்கு என்ட ஆய்வு இரிக்கு அக்கா. பாருங்க, எழுதுங்க, ஒண்டையும் அழிச்சிராதீங்க." மூன்று வயல் வட்டைகளில் விவசாயிகளோடு நடந்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் விசாரித்து எழுதிய ஆய்வு. வேறு பிரதி இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

பிழை அந்த நாள் காலையிலேயே தொடங்கிவிட்டது. வாவிக்கரை மண்டபத்தில் மேசை போட்டு அடுக்கியபோது, அந்தப் பூப்போட்ட உறைகள் எனக்கு வெட்கமாக இருந்தன. பட்டணத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சலவைக்குப் போட்ட வீடு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். நீ வயர் இழுக்கப் போயிருந்தாய். எல்லா உறையையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு மடிகணினிகளை வரிசையாக வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புது இயங்குதளம் ஒன்றை நிறுவிக் காட்டுவது என் பங்கு. அதற்கென்று என் போட்டோகொப்பிக் கடைப் பழைய மடிகணினியைக் கொண்டுவந்திருந்தோம். அதுவும் கறுப்பு. ஜீவிதாவுடையதும் அதே வகை. ஒலிவாங்கி கையில் இருந்தது, முன்னால் சனம் நிறைய இருந்தது. திரையில் அந்தக் கேள்வி தமிழில் வந்தது: "இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?"

அது உன் வசனம். சட்டத்தரணியின் அலுவலகத்தில் காணி உறுதி தட்டச்சுச் செய்யும் வேலைக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பார்சலை விரித்துக்கொண்டே நீ மொழிபெயர்த்த வசனங்களில் ஒன்று. சனத்துக்கு விளங்காத ஒரு சொல்லும் வரக்கூடாது என்று அதற்கு மட்டும் இரண்டு நாள் மல்லுக்கட்டினாய். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. "பாருங்க, கம்பியூட்டர் எங்கட பாசையில கேக்குது. எழுதினது எங்கட ஆள்தான்" என்று உரத்து வாசித்தேன். சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்ளேயே "ஆம்" என்பதை அமத்தினேன். எச்சரிக்கையை ஊருக்கே வாசித்துக் காட்டியவள் அதைத் தனக்கு வாசிக்கவில்லை.

என் கடை மடிகணினி பின் மேசையில் கிடப்பதை நீதான் கண்டாய். என் கைக்குக் கீழே இருந்தது ஜீவிதாவுடையது. நீ ஓடவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. நேரே நடந்து வந்து வயரைப் பிடுங்கி, பற்றரியையும் கழற்றிவிட்டாய். "கை வெக்காத. இனி இதில ஒண்டும் எழுதப்படாது" என்று என் காதுக்குள் சொன்னாய்.

அன்று பின்னேரம் நான் உன்னிடம் கேட்டதை இன்று எழுதக் கூசுகிறது. "பழுதாப் போச்செண்டு சொல்லிக் குடுப்பமா?" என்று கேட்டேன். நீ என்னை ஏசவில்லை. "அழிஞ்சது அவட. அவவுக்குத் தெரியோணும்" என்றாய். மூன்று நாள் லீவு போட்டு, மீட்கும் மென்பொருளை வைத்துத் தேடினாய். பாதி வந்தது, பெயரும் ஒழுங்கும் இல்லாமல். அதை எடுத்துக்கொண்டு கரடியனாற்றுக்குப் போனோம்.

வீட்டுப் படலையடியில் என் கால் நின்றுவிட்டது. நீ முன்னால் போனாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஜீவிதா வந்ததும் நீ சொன்னாய்: "நான்தான் அழிச்ச. கவனமில்லாம அமத்திப்போட்டன். பாதிதான் எடுக்க ஏலுமாயிரிந்திச்சு." எனக்கு வாய் திறந்தது, மூடிக்கொண்டது. அந்தப் பிள்ளை உன்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தம்பிராசா அண்ணன்தான், "நீங்க போங்க தங்கச்சி" என்றார்.

பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அந்தப் பார்வைய உன்னால தாங்க ஏலா. எனக்கு ஏலும்" என்று சொல்லிவிட்டு நீ யன்னலுக்கு வெளியே பார்த்தாய். அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை, நிம்மதி. இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜீவிதாவுக்குப் படிப்பு ஒரு வருடம் பின்னுக்குப் போனது. செங்கலடிச் சந்தையில் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். "அவவுக்குக் கோவம் இரிக்கோணும்தானே" என்பாய். வாற மாதம் சொல்லிவிடுகிறேன் என்று நான் ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். அதற்குள் டெங்குக் காய்ச்சல் வந்து ஆறு நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரி வாட்டில் கடைசியாக நீ கேட்டது, "அந்த நாளத் திரும்ப நடத்துவம்கா" என்பதைத்தான். நான் ஓம் என்றேன்.

போன கிழமை வீடு வீடாகக் கேட்டேன். உன்னைப் போல எனக்குக் கேட்க வராது. ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்படியே எழும்பி வந்த வீடும் உண்டு. மூன்றுதான் கிடைத்தன. ஜீவிதா இப்போது வீட்டு முன்பக்கத்தில் கணினி வகுப்பு நடத்துகிறாள், ஆறு மடிகணினி வைத்திருக்கிறாள் என்று அறிந்து போன் எடுத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "நீங்க எண்டாத் தாறன் அக்கா. அவ இல்லத்தானே, இனிப் பயமில்ல" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம்" என்றேன். நீ இறந்து பத்து மாதம், உன் பிழையல்லாத பிழைக்கு இன்னொருமுறை ஓம் போட்டேன். உண்மையைச் சொன்னால் ஆறு மடிகணினியும் போய்விடும், வருகிற பிள்ளைகள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய். நான் பயந்தது மடிகணினிக்கு இல்லை, அந்தப் பார்வைக்கு.

இன்று பதுளை வீதி பஸ்ஸில் ஏறி, இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நினைத்தபடி போனேன். ஜீவிதா ஆறையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு தலையணை உறைக்குள். "அவ கவனமில்லாத ஆள்தான். ஆனா இது மட்டும் நல்ல பழக்கம்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. "அண்டைக்கு அமத்தினது நான் ஜீவிதா. அவ இல்ல. உறையக் கழட்டினதும் நான்தான். அவ எனக்காகச் சொன்ன" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நீ சொன்னது சரி, தாங்க முடியாத பார்வைதான். அதை அவ்வளவு காலம் நீ எப்படி வாங்கிக்கொண்டாய்?

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?" என்றாள்.

"பயம்" என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை.

"அவட செத்தவீட்டுக்கு நான் வரல்ல அக்கா. அப்பா கூப்பிட்டார். நான்தான் மாட்டன் எண்டன்" என்றாள். பிறகு மடிகணினிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். தம்பிராசா அண்ணன் முற்றத்தில் நின்று நிலத்தையே பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நான் செருப்பைப் போட்டேன்.

படலை வரைக்கும் வந்துவிட்டேன், பின்னாலேயே வந்தாள். "சனிக்கிழம நானே கொண்டு வாறன். உங்கட கையில தரமாட்டன்" என்றாள். நான் தலையாட்டினேன். "எல்லாம் முடிய என்ன அவவ அடக்கின சவக்காலைக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இடம் தெரியா."

ஓம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். செங்கலடியில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. எனக்கும் அந்த இடம் தெரியாது. உன்னை அடக்கிய அன்று வாசலோடு நின்றுவிட்டவள் நான், உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாள் வரவில்லை. நேரமில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லி வந்தேன். நாளைக்கு அவவிடம் போய், எந்த வரிசை, எத்தனையாவது குழி என்று கேட்க வேண்டும். இத்தனை மாதம் வராதவள் என்று அவவும் என்னைப் பார்ப்பா. கேட்பேன். பயமாக இருக்கிறது, ஆனாலும் சனிக்கிழமை வாறன்.